ஆறு பேருக்கு ஒரு மேஜை

"மேனேஜர்னு சொல்லி வெச்சிட்டேன்மா. இந்த ஒரு சனிக்கிழமை மட்டும் அப்படியே விட்டுடேன், ப்ளீஸ்."

போன வார அத்தியாயத்தில், மகள் கெல்சி ஃபோனில் இதைச் சொல்லி முடித்த நேரத்தில், ரோண்டாவை அடுப்படியில் அப்படியே நிற்க வைத்துவிட்டு வந்தோம். அதற்கப்புறமும் அவள் பெரிதாக ஒன்றும் பேசிவிடவில்லை. "சரி" என்றாள். ஃபோனை வைத்தாள். கொதித்துக்கொண்டிருந்த சூப்பை இறக்கினாள். ஆனால் அந்த ஒரு சொல் இன்று வரை அவள் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

மேனேஜராம்.

ஆலன்டவுனைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் டைனரில் பத்தொன்பது வருஷமாக சர்வர் வேலை பார்க்கிறவள் ரோண்டா. கெல்சிக்குப் பல்லில் கம்பி கட்டியது, காலேஜில் சேர்த்தது, பிலடெல்ஃபியாவில் முதல் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தது எல்லாமே, அங்கே சாப்பிட்டவர்கள் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போன டிப்ஸ்தான். சம்பளம் என்று முதலாளி கொடுப்பது மணிக்கு மூன்று டாலர்கூட வராது. இதெல்லாம் கெல்சிக்குத் தெரியாததில்லை. தெரிந்தேதான் வருங்கால மாமனார் மாமியாரிடம், "எங்கம்மா ஒரு ரெஸ்டாரண்ட்ல மேனேஜர்" என்று அளந்து விட்டிருக்கிறாள்.

இன்றைக்கு அந்த மாமனார் மாமியாரோடுதான் சாப்பாடு.

அவள் கணவன் டக் காலையிலிருந்தே கண்ணாடி முன்னால் நின்றான். ஸ்கூல் பஸ் டிப்போவில் மெக்கானிக். எத்தனை தேய்த்தாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது என்று தெரிந்தும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"விடு டக். தோல் வந்துடப் போகுது."

"நான் மெக்கானிக்குன்னு சொல்லலாமா? இல்ல எனக்கும் ஏதாவது பதவி கொடுத்திருக்காளா உன் பொண்ணு?"

ரோண்டா அவன் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி வைத்தாள். அவன் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. பன்னிரண்டுக்கே ஊருக்குள் வந்துவிட்டார்கள். தாமதமாகப் போவது ரோண்டாவின் உடம்பிலேயே கிடையாது. பிப்ரவரி மாதத்துக் கூழ்ப் பனியில் காருக்குள் உட்கார்ந்திருப்பானேன் என்று பக்கத்தில் ஒரு காபிக் கடைக்குள் நுழைந்தார்கள்.

இரண்டு காபி. கவுண்ட்டரில் நின்ற பையன் டேப்லெட் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, மோட்டுவளையில் ஏதோ எழுதியிருப்பதுபோல மேலே பார்த்தான். டிப்ஸ் எத்தனை சதவீதம் என்று கேட்டு, இருபது, இருபத்தைந்து, முப்பது என்று மூன்று கட்டங்கள். வேண்டாம் என்பதற்கும் ஒரு கட்டம் இருந்தது, ஒரு மூலையில், எறும்பு சைஸில்.

"கப்பை எடுத்து நீட்டினதுக்கா?" என்று டக் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

"அமுக்கு."

"எதை?"

"இருபதை. பின்னாடி ஆள் நிக்குது."

அமுக்கினான். காபியின் விலையைக் கேட்டபோதே அவன் முகம் சுருங்கியிருந்தது. இப்போது அது இன்னும் ஒரு சுற்று சுருங்கியது.

ரோண்டாவின் வீட்டுச் சட்டம் அப்படி. வெளியே சாப்பிட்டால் இருபது சதவீதத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். வைக்கக் காசில்லையென்றால் வீட்டிலேயே ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்க வேண்டும். விலை குறைவாக இருந்த காலத்தில் இந்தச் சட்டத்தால் யாருக்கும் வலிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மீன் வறுவல், மாதத்துக்கு ஒரு தடவை பௌலிங், கோடையில் பேஸ்பால் மேட்ச் என்று அவர்களும் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். அப்புறம் மீன் விலை ஏறியது. பௌலிங்குக்குக் கொடுக்கிற வாடகை ஷூ விலை ஏறியது. மேட்ச் பார்க்கப் போனால் டிக்கெட்டைவிடக் கார் நிறுத்துவதற்கு அதிகம் கேட்டான். விலை ஏற ஏற, அதில் இருபது சதவீதமும் கூடவே ஏறியது. டிப்போவில் டக்குக்கு ஓவர்டைமை வேறு வெட்டிவிட்டார்கள். ரோண்டா டிப்ஸைக் குறைக்கவில்லை. போவதைக் குறைத்தாள். கடைசியாக இரண்டு பேரும் வெளியே சாப்பிட்டது டக்கின் பிறந்தநாளுக்கு, இலையுதிர் காலத்தில்.

அப்படிப்பட்டவன்தான் போன வாரம் ஃபோனில் மார்தட்டியிருந்தான். "பொண்ணைப் பெத்தவன் நான். சாப்பாடு என் செலவு." ரோண்டா அதற்கப்புறம்தான் அந்த ரெஸ்டாரண்ட்டின் மெனுவைத் தேடிப் பார்த்தாள். வெறும் பர்கரே இருபத்தாறு டாலர். உருளைக்கிழங்கு தனி.

டிப்ஸுக்கு என்று அவள் தனியாகப் பணம் எடுத்து வந்திருந்தாள். இந்த வாரம் டைனரில் கிடைத்தது. ரப்பர் பேண்ட் போட்டுக் கோட்டுப் பையில் வைத்திருந்தாள். கார்டில் போட்டால் அது எந்தெந்தக் கைக்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். கையில் கொடுத்தால் கைக்குப் போகும்.

பழைய பட்டு மில்லை ரெஸ்டாரண்ட்டாக மாற்றியிருந்தார்கள். வாசலில் கெல்சியும் அவள் கட்டிக்கொள்ளப் போகிற நேதனும் நின்றார்கள். கெல்சி ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட வாக்கிலேயே காதில், "மறந்துடலயே?" என்றாள்.

"என்னத்த?"

"அம்மா."

"மறக்கல. நான் மேனேஜர். உள்ள போகலாமா, காலெல்லாம் விறைக்குது."

சம்பந்திகள் ஏற்கெனவே மேஜையில் இருந்தார்கள். வாரன் ஆள் நல்ல உயரம், கணீரென்ற குரல். வீடுகளுக்கு ஹீட்டர் பொருத்துகிற கம்பெனியைச் சொந்தமாக நடத்துகிறவர். எலெய்ன் சன்னமாகப் பேசுகிறவள். ஆனால் அவள் பேசினால் மற்றவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு பேரும் எழுந்து நின்று கை கொடுத்தார்கள், தோளைத் தட்டினார்கள், வழியில் பனி எப்படி என்று விசாரித்தார்கள். தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை.

ரோண்டா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மெனு கொடுக்க ஒரு கை நீண்டது. நிமிர்ந்து பார்த்தவள் மெனுவை வாங்க மறந்தாள்.

மரிசோல்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டைனரில் சேர்ந்த பெண். ஒரு கையில் மூன்று தட்டை எப்படி அடுக்குவது, குடித்துவிட்டு வம்பு பண்ணுகிறவனை எப்படிச் சிரித்துக்கொண்டே வெளியே அனுப்புவது என்று எல்லாவற்றையும் ரோண்டாதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பெரிய இடத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று அழுதுகொண்டே போனவள், இதோ இங்கே கறுப்புச் சட்டையில் நிற்கிறாள். முகமெல்லாம் மலர்ந்து, வாயைத் திறக்கப் போகிறாள்.

ரோண்டா கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தாள். தலையை மயிரிழை அளவுக்கு அசைத்தாள். மேஜையில் ஏதோ சரியில்லை, இப்போது வராதே என்பதற்கு டைனரில் சர்வர்களுக்குள் இருக்கிற சைகை அது.

மரிசோலின் வாய் மூடிக்கொண்டது. "வாங்க, வணக்கம். இன்னிக்கு உங்க மேஜையை நான்தான் பாத்துக்கறேன்" என்றாள், எல்லோருக்கும் பொதுவாக. ரோண்டாவைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

காப்பாற்றிவிட்டாள். ஆனால் அவள் திரும்பிப் போனபோது ரோண்டாவுக்கு மனசு அறுத்தது. பெற்ற பெண் கேட்டாள் என்று, பழக்கிவிட்ட பெண்ணைத் தெரியாத மாதிரி பார்த்தாயிற்று.

சூப் வந்தது. பேச்சு விலைவாசிக்குத் திரும்பியது. அது இல்லாமல் இந்தக் காலத்தில் யார் வீட்டுப் பேச்சு நடக்கிறது?

"நேத்து கார் கழுவப் போனேன்" என்றார் வாரன். "உள்ள ஒரு மனுஷன் கிடையாது. பிரஷ்ஷு தானா சுத்துது, தண்ணி தானா அடிக்குது. எல்லாம் முடிஞ்சதும் ஸ்கிரீன் கேக்குது, டிப்ஸ் எவ்வளவுன்னு. யாருக்குங்க கொடுக்கறது, பிரஷ்ஷுக்கா?"

டக் விழுந்து விழுந்து சிரித்தான். ரோண்டாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஆளை அவளுக்குப் பிடித்துப்போய்விடுமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். இனிமே எவன் எதைத் திருப்பிக் காட்டினாலும் சைபர்தான்" என்றார் வாரன். அப்புறம் ரோண்டா பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உள்ளேயே இருக்கறவங்க நீங்க. டிப்ஸையே ஒழிச்சிட்டு சம்பளத்தை ஒழுங்கா ஏத்திக் கொடுத்துட்டா என்ன?"

"ஏத்த மாட்டாங்க."

"யாரு? மேனேஜரே நீங்கதானே?"

கெல்சியின் முள்கரண்டி தட்டில் கிணுங்கியது.

"முதலாளி ஏத்த மாட்டார்" என்றாள் ரோண்டா. "நான் சொல்லிப் பாத்துட்டேன்."

அது பொய்யில்லை. சொல்லித்தான் பார்த்திருக்கிறாள். அதற்கு அடுத்த வாரம் முதலாளி அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கொடுக்கவில்லை.

"உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?" என்று எலெய்ன் மெதுவாகக் கேட்டாள்.

"அங்க... பன்னெண்டு பேர் வேலை பாக்கறாங்க."

"பன்னெண்டு பேரைக் கட்டி மேய்க்கிறது லேசில்ல. லீவு போட்டா ஆள் பிடிக்கிறது, சண்டை தீர்த்து வெக்கிறது. எங்க ஆஃபீஸ்ல நாலு பேரை வெச்சுக்கிட்டே எனக்குத் தலைவலி."

"அம்மாவுக்கு வேலையைப் பத்திப் பேசினாப் பிடிக்காது" என்று கெல்சி குறுக்கே விழுந்தாள். "சனிக்கிழமையாவது நிம்மதியா இருக்கட்டுமே."

சனிக்கிழமைதான் டைனரில் நல்ல டிப்ஸ் விழுகிற நாள். அதை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று கெல்சிக்குத் தெரியும். ரோண்டா தண்ணீரைக் குடித்தாள்.

பொய் சொல்வதுகூடப் பரவாயில்லை. வாயை அடக்கிக்கொள்ளலாம். இந்தக் கையை என்ன செய்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. வாரனின் கோப்பை காலியாகிவிட்டதைப் பார்த்ததும் தன்னையறியாமல் ஜாடியை எடுத்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா கண்ணு?" என்று கேட்டுவிட்டாள்.

 தன்னைக் கண்ணு என்று கூப்பிட்ட சம்பந்தியம்மாவை வாரன் பார்த்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்கம்மாவுக்கு அப்புறம் என்னை யாரும் அப்படிக் கூப்பிடல."

"அவ எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவா. எங்க வீட்டு நாயைக்கூட" என்றான் டக். எல்லோரும் சிரித்தார்கள். கெல்சி மட்டும் சிரிக்கவில்லை.

சாப்பாடு முடிந்தது. ரோண்டா, எலெய்ன் சொல்லிக்கொண்டிருந்த கதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கெல்சி மேஜைக்கு அடியில் காலை உதைத்தாள். என்ன என்று குனிந்து பார்த்தால், தன் முன்னால் நான்கு தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. எலும்பெல்லாம் மேல் தட்டில், கரண்டிகள் ஒரு பக்கமாக. எப்போது அடுக்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

எலெய்ன் கதையை நிறுத்திவிட்டு அந்த அடுக்கைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது ரோண்டாவுக்கு.

டக் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தான். "பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்." பாத்ரூமுக்கு இல்லை என்று ரோண்டாவுக்குத் தெரியும். பில் மேஜைக்கு வருவதற்குள் கார்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தார்கள்.

போன வேகத்தில் திரும்பி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"வாரன், இது நியாயமில்ல."

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே கார்டைக் கொடுத்துட்டேன்" என்றார் வாரன், சிரித்துக்கொண்டே. "எனக்குத் தெரியும் நீங்க எழுந்து போவீங்கன்னு. நானும் அதே வித்தையெல்லாம் பண்ணினவன்தானே."

"நான் கொடுக்கறதா சொல்லியிருந்தேன்."

"அடுத்த தடவை நீங்க. உட்காருங்க டக்."

டக் உட்கார்ந்தான். இத்தனை செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட வேண்டியவன், மூக்கு உடைபட்டவன்போல மேஜை விரிப்பைப் பார்த்தான். நகத்தைத் தேய்த்துத் தேய்த்து வந்ததெல்லாம் இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

மரிசோல் தோல் அட்டைக்குள் பில்லை வைத்துக் கொண்டுவந்து வாரனிடம் கொடுத்தாள். வாரன் பேனாவை எடுத்தார். எதிரே உட்கார்ந்திருந்தாலும் ரோண்டாவின் கண் அங்கேயே போனது. தலைகீழாகப் பில் படிப்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேலே கையெழுத்துப் போடுகிற சீட்டு. டிப்ஸ் என்று இருந்த இடத்தில் வாரன் ஒரு கோடு இழுத்தார். நீளமாக, அழுத்தமாக. கீழே கையெழுத்து.

சைபர்.

ரோண்டாவின் காது சூடேறியது. இரண்டு மணி நேரம். அந்தப் பெண் எத்தனை தடவை தண்ணீர் ஊற்றினாள். எலெய்னுக்கு சாஸ் பிடிக்கவில்லை என்று மறுபடி உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். நேதன் கொட்டிய ஒயினைக் குனிந்து துடைத்தாள். இத்தனைக்கும் ஒரு கோடு. பிரஷ்ஷும் இவளும் ஒன்றா இந்த ஆளுக்கு? இந்த வீட்டிலா என் பெண் வாழப் போகிறாள்?

எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டார்கள். "கையுறையை விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு ரோண்டா திரும்பினாள். மேஜையில் யாரும் இல்லை. கோட்டுப் பையிலிருந்து சுருட்டிய நோட்டுகளை எடுத்தாள். ஒற்றை டாலர்களும் ஐந்து டாலர்களுமாகக் கசங்கிய நோட்டுகள். எண்ணவில்லை. அப்படியே மரிசோலின் கண்ணில் படுகிற மாதிரி காபிக் கோப்பைக்கு அடியில் செருகிவிட்டு வெளியே நடந்தாள். அன்றைக்கு முதல் தடவையாக நெஞ்சு லேசானது.

கார் நிறுத்துமிடத்தில் விடைபெறுகிற பேச்சு நீண்டுகொண்டே போனது. வாரன் டக்கின் பழைய காரின் பானெட்டைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எலெய்ன் நேதனின் மஃப்ளரைச் சரி செய்தாள். கெல்சி அம்மாவின் தோளில் சாய்ந்து, "நல்லாவே போச்சு இல்ல?" என்றாள்.

"ரோண்டா! ரோண்டா, நில்லுங்க!"

கோட்டுகூட இல்லாமல், அந்தக் குளிரில், கறுப்புச் சட்டையோடு மரிசோல் ஓடி வந்தாள். கையில் அந்த நோட்டுச் சுருள்.

"இதை நான் எப்படி எடுத்துப்பேன்? உங்க காசையா? பில்லுலயே பதினெட்டு பர்சென்ட் போட்டாச்சு. ஆறு பேர் உக்காந்தாலே இங்க தானா ஏறிடும், எனக்குத்தான் வரும். உங்களுக்குத் தெரியாதா? டைனர்ல சனிக்கிழமை வேலையை வேற விட்டுட்டு வந்திருப்பீங்க, இது ஒரு வாரத்துக் காசு..."

சொல்லிக்கொண்டே வந்தவள், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். நின்றாள். கை தானாக வாய்க்குப் போனது.

"ஐயோ. மன்னிச்சிடுங்க."

நோட்டுச் சுருளை ரோண்டாவின் கையில் திணித்துவிட்டு, வந்ததைவிட வேகமாக உள்ளே ஓடினாள்.

ஆறு பேர். பெரிய மேஜைகளுக்கு டிப்ஸ் பில்லிலேயே ஏறிவிடும் என்பது சர்வர் வேலை பார்க்கிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ரோண்டாவின் டைனரில் லாரிக்காரர்கள் தனியாக வந்து தனியாகச் சாப்பிட்டுப் போவார்கள். ஆறு பேர் மேஜை அங்கே கிடையாது. ஆனாலும் அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். கோபம் கண்ணை மறைத்துவிட்டது. கோடு போட்ட சீட்டைத்தான் பார்த்தாள். அதற்கு அடியில் இருந்த பில்லைப் பார்க்கவில்லை.

வாரன் பானெட்டை மூடினார்.

"அப்போ நான் அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் வெக்கலன்னு நினைச்சிட்டீங்க."

"தப்புதான் வாரன். சீட்டைப் பாத்தேன். கோடு போட்டிருந்தீங்க. ஆத்திரத்துல எனக்கு வேற எதுவும் தோணல. மன்னிச்சுக்கங்க."

"கார் கழுவுற மெஷினுக்குக் கொடுக்க மாட்டேன்னுதான் சொன்னேன். சோறு கொண்டுவந்து வெக்கிற பொண்ணுக்கு மாட்டேன்னு சொல்லல." அவர் குரல் உயரவில்லை. ஆனால் காயப்பட்டிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. பெரிய உருவம் திடீரென்று சின்னப் பையன் மாதிரி நின்றது.

"தெரியுது. என் தப்பு."

 எலெய்ன்தான் கேட்டாள், அதே சன்னக் குரலில்.

"அந்தப் பொண்ணு ஏதோ டைனர்னு சொன்னாளே?"

ரோண்டா கெல்சியைப் பார்த்தாள். கெல்சியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. நேதன் அவளையும் ரோண்டாவையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கும் தெரியாது என்பது அப்போதுதான் ரோண்டாவுக்குப் புரிந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவனிடமே அவள் சொல்லியிருக்கவில்லை.

"நான் மேனேஜர் இல்ல எலெய்ன்" என்றாள் ரோண்டா. "டைனர்ல சர்வர். பத்தொன்பது வருஷமா."

"அப்படின்னா கெல்சி..."

"நான்தான் அவளை அப்படிச் சொல்லச் சொன்னேன். எனக்குக் கூச்சமா இருந்துது. அவ வேணாம்னுதான் சொன்னா."

சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

பனித்துகள் இரண்டு மூன்று இறங்கின. தெருவில் ஒரு பஸ் போனது. கெல்சி பூட்ஸ் முனையால் பனிக்கூழைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இதுல கூச்சப்பட என்ன இருக்கு ரோண்டா?" என்றார் வாரன். ஆறுதலாகத்தான் சொன்னார். "உழைச்சுச் சாப்பிடறதுல வெக்கம் என்ன வெக்கம்? நான் ஆரம்பத்துல அடுத்தவன் வீட்டு நிலவறைல படுத்துக்கிட்டு ஹீட்டர் கரியை வழிச்சவன். எந்த வேலையா இருந்தாலும் தலை நிமிர்ந்து சொல்லணும். உங்க பொண்ணுக்கு நீங்கதான் அதைக் கத்துக் கொடுக்கணும்."

"ஆமா" என்றாள் ரோண்டா. "நீங்க சொல்றது சரி."

ஒரு நாள்கூட, ஒரு நிமிஷம்கூட அந்த வேலைக்காகத் தலை குனியாதவள், தலை நிமிர்வது எப்படி என்று அந்த ஆள் சொல்லிக்கொடுத்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றாள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். டக்கின் கை முஷ்டியாவதைப் பார்த்து, அவன் முழங்கையைத் தொட்டு அடக்கினாள்.

எலெய்ன் கைப்பையை மூடினாள். "பரவாயில்ல, இதெல்லாம் ஒரு விஷயமா. ஆனா ஒண்ணு ரோண்டா, தப்பா எடுத்துக்காதீங்க. ஜூன் மாசக் கல்யாண ஹாலுக்கு நீங்க பாதி போடறதா கெல்சி சொல்லித்தான் நாங்க அட்வான்ஸ் கட்டினோம். அதையும் ஒரு தடவை உட்கார்ந்து பேசிடலாம். உங்களுக்குக் கஷ்டமா இருக்கக் கூடாதில்ல."

"எந்த ஹால்?" என்றான் டக்.

"அப்புறம் பேசிக்கலாம்ப்பா, குளிருது" என்று கெல்சி அவசரமாக நடுவில் புகுந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். வாசலில் கட்டிக்கொண்டதைவிட இறுக்கமாக. "தேங்க்ஸ்மா" என்று காதில் சொன்னாள்.

ரோண்டா அவள் முதுகை ஒரு தடவை தட்டினாள். அவ்வளவுதான் முடிந்தது.

காருக்குள் வந்து கதவைச் சாத்தியும் டக் சாவியைத் திருப்பவில்லை. எதிர்ப் பக்கத்திலிருந்து சம்பந்திகளின் கார் வெளியே போனது. பின்சீட்டில் கெல்சியும் நேதனும். நேதன் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"எந்த ஹால் ரோண்டா?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும்."

"பாதின்னா எவ்வளவு? காபிக்கு இருபது பர்சென்ட் அமுக்கறதுக்கே எனக்கு விரல் நடுங்குது."

 மடியில் கிடந்த ஃபோன் அடித்தது. கெல்சி. காருக்குள்ளேயே உட்கார்ந்து அடிக்கிறாளா, இல்லை, நேதனுடைய அப்பா வழியில் எங்கேயாவது நிறுத்தியிருக்கிறாரா தெரியவில்லை. மகளின் ஃபோனை ரோண்டா ஒரு நாளும் அடிக்க விட்டதில்லை. கையில் ஆறு தட்டு இருந்தால்கூடத் தோளில் இடுக்கிக்கொண்டு எடுத்துவிடுவாள். இப்போது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்றான் டக். "நீ எப்ப கூச்சப்பட்டே, அந்த வேலைக்கு?"

"கூச்சப்படல."

"பின்ன?"

"சொல்லிட்டு நிறுத்தினேனே, கவனிச்சியா? வாரன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி." அவள் ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். "நான் பொய் சொல்றதை அவ பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா டக். 'இல்ல, எங்கம்மா சொல்லச் சொல்லல, நான்தான்'னு ஒரு வார்த்தை சொல்லிடுவான்னு காத்துக்கிட்டு இருந்தேன். நின்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

டக் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தேய்த்துத் தேய்த்துச் சிவந்த விரல்கள்.

ஃபோன் மறுபடி அடித்தது. ரோண்டா அதை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"நீ பேசு" என்றாள். "ஹாலுக்கு எவ்வளவு சொல்லி வெச்சிருக்கான்னு கேளு. என்னால இன்னிக்கு முடியாது."